நிழல் யாருக்குச் சொந்தம்?

எங்கள் வீட்டு மேற்குச் சுவரை ஒட்டி ஐந்து நெட்டிலிங்க மரங்கள் நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை ஏழு நின்றன. இல்லாமற்போன அந்த இரண்டு மரங்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மரம் வெட்டியதற்காக வருந்தி எழுதுகிற கட்டுரை என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். அவற்றை வெட்ட வேண்டிய அவசியம் எனக்கு இருந்தது. அதே நிலைமை நாளைக்கு வந்தாலும் வெட்டத்தான் செய்வேன். ஆனாலும் அன்றைக்கு நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு மரத்தைப் பொறுத்ததல்ல என்பது எனக்கு விளங்கவே சில நாட்கள் பிடித்தன.

கொட்டிவாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது 2009இல். என் மனைவி வங்கியில் வேலை பார்ப்பதால் கிடைத்த கடனில் எழும்பிய வீடு அது. என் கதைகளின் வருமானத்தில் கட்டிய பாகம் எது என்று யாராவது கேட்டால், சுற்றுச் சுவரில் ஒரு வரிசைச் செங்கல்லைத்தான் காட்ட முடியும். அப்போது இது இன்னும் ஊராட்சியாகவே இருந்தது. 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் முதலில் எதிர்ப்படுகிற ஊர் இதுதான். கிழக்கே சில தெருக்கள் நடந்தால் மீனவர் குப்பம், அதற்கப்பால் கடல். சாயங்காலம் கடற்காற்று வீசும்போது, இந்த ஊரில் இடம் வாங்கியவன் பாக்கியசாலி என்று தோன்றும். ஆனால் எங்கள் வீடு பார்த்தது மேற்கு. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அஸ்தமனம் வரை வெயில் முன்கூடத்துக்குள் நேராக நுழைந்து, நான் எழுதுகிற மேஜை மீது உட்கார்ந்துகொள்ளும். முதல் கோடையிலேயே மரம் வைப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

என்ன மரம் வைப்பது என்பதில் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. வேம்பு வை என்றார் ஒருவர். புங்கன்தான் கடற்கரை மண்ணுக்கு ஏற்றது, அதன் நிழலைப் போல் குளிர்ச்சி வேறெதிலும் இல்லை என்றார் இன்னொருவர். இரண்டும் நல்ல யோசனைகள்தாம். ஆனால் அந்த மரங்கள் விரியும். கிளை பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும். இலை அவர்கள் வாசலில் உதிரும். வேர் சுவருக்கு அடியில் புகும். அதற்கு முன் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், ஒரு முருங்கைக் கிளைக்காக இரண்டு குடும்பங்கள் நான்கு வருஷம் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது யாரோடும் வம்புக்குப் போகாத ஒரு மரம். நேராக மேலே போக வேண்டும். அக்கம்பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. என் வெயிலை மறைக்க வேண்டும். பிறர் முற்றத்தைத் தொடக் கூடாது. இந்த லட்சணங்கள் எல்லாம் பொருந்திய மரம் நெட்டிலிங்கம். ஏழு கன்றுகள் வாங்கினேன்.

இப்போது நினைத்தால், நான் தேர்ந்தெடுத்த மரத்தில் என்னுடைய குணமும் கொஞ்சம் இருந்திருக்கிறது. பிறருக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டேன், பிறரும் எனக்குக் கொடுக்க வேண்டாம் என்று நினைக்கிற நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தாரின் சுற்றுச் சுவர்களை ஒட்டி இந்த மரம் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் இல்லாமலா இருக்கும்?

நாற்றுப் பண்ணைக்காரர் இதை 'அசோகா' என்றுதான் சொல்லி விற்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். சீதை சிறையிருந்த வனத்து அசோகம் வேறு. அது கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூப் பூப்பது. புளிய மரத்துக்கு உறவு. நெட்டிலிங்கமோ சீதாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் பிறந்த வீடு. இயற்கையாக வளர்கிற நெட்டிலிங்கம் கிளைகளை ஓரளவு பரப்பித்தான் நிற்கும். நாம் சுவரோரம் வைப்பது அதிலே ஒரு வகை. அதன் கிளைகள் பிறந்த உடனேயே கீழ்நோக்கித் தொங்கி, தண்டை அணைத்துக்கொள்ளும். மழைக்கு மடக்கிய குடையைத் தலைகீழாக நிறுத்தாமல் நேராக நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு தோற்றம். ஆங்கிலத்தில் இதற்குப் பாய்மரத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நேராக வளரும் இதன் தண்டு ஒரு காலத்தில் கப்பலின் பாய்மரத்துக்கு உதவியது என்பார்கள். எங்கள் தெருவில் ஏழு பாய்மரங்களை நட்டேன். கப்பல்தான் இல்லை.

இதை வளர்ப்பது சுலபம் என்று எல்லாரும் சொல்வார்கள். களிமண்ணிலும் செம்மண்ணிலும் சுலபமாக இருக்கலாம். கொட்டிவாக்கத்து மணலில் அவ்வளவு சுலபமில்லை. காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், குடத்தைக் கீழே வைப்பதற்குள் மண் அதைக் குடித்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்து, மணலை வெளியே கொட்டிவிட்டு, செம்மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பினேன். ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளி விட்டேன். கடற்காற்று தள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சவுக்குக் கழி நட்டு, சணல் கயிற்றால் தளர்த்தியாகக் கட்டினேன். முதல் இரண்டு கோடைகளுக்கு ஒரு நாள் கூடத் தண்ணீர் தவறக் கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கத் தொடங்கிவிடும். அப்போது இலையின் ஓரங்கள் கருகும். அந்த நாட்களில் அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் மரத்துக்குப் போயின.

தளிர் விடும்போது பார்க்க வேண்டும். செம்பு நிறத்தில் பளபளவென்று, தொட்டால் கிழிந்துவிடும் போன்ற மென்மையோடு இலை வரும்; சில நாட்களில் வெளிர்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகி, ஓரங்களில் அலை அலையாக நெளிந்து நிற்கும். கோடையில் பூக்கும். ஆனால் பூ வெளிர்பச்சையாகவே இருப்பதால், மரம் பூத்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பிறகு காய்கள் கொத்தாக வந்து கறுத்துப் பழுக்கும். பகலில் குயில் வரும், இரவில் வௌவால் வரும். காலையில் எழுந்து பார்த்தால், சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள் வாசல் முழுவதும் கிடக்கும். இலையைத் தின்பதற்கென்று ஒரு புழு உண்டு. அதைக் கண்டதும் மருந்து அடிக்கப் போன என்னைத் தடுத்து நிறுத்தியது என் மகள். கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளிகளோடு தெருவில் ஓயாமல் பறக்கிறதே ஒரு பட்டாம்பூச்சி, அதன் குழந்தைதான் இது என்று பாடப் புத்தகத்தில் படித்ததை எடுத்துச் சொன்னாள். அதிலிருந்து மருந்து அடிப்பதில்லை.

ஒரு தவறும் செய்தேன். வாசல் விசாலமாகத் தெரியட்டும் என்று முதல் மரத்தின் அடிக் கிளைகளை நாலடி உயரத்துக்குக் கழித்துவிட்டேன். அந்த இடம் மீண்டும் மூடவே இல்லை. இன்றைக்கும் அந்த மரம் முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்போல் காட்சி தருகிறது. நெட்டிலிங்கத்தின் அழகு அது தரைவரை தொங்குவதில் இருக்கிறது. உச்சியை வெட்டினாலும் அதன் நேர்மை போய்விடும். வெட்டின இடத்தில் நாலு பக்கமும் கிளை கிளம்பும்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. எங்கள் தெருவில் அகலமாக விரிந்து நின்ற பெரிய மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. என்னுடைய ஏழும் வில்லாக வளைந்து, நிமிர்ந்து, மீண்டும் வளைந்து, சாயங்காலத்தில் ஓர் உச்சி மட்டும் முறிந்த நிலையில் தப்பித்தன. காற்றுக்குப் பிடி கொடுக்காதவன் பிழைத்துக்கொண்டான் என்று அப்போது எனக்கு ஒரு பெருமை. அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்தில் பெயர் பெற்ற ஆலமரம் ஒன்று உண்டு. 1989இல் அடித்த பெருங்காற்றில் அதன் தாய்மரம் விழுந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. இன்றும் வெளியூர்க்காரர்கள் அந்த நிழலைத் தேடி வருகிறார்கள். நெட்டிலிங்கத்தைத் தேடி யார் வருவார்கள்? யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் கணக்கிடத் தவறியது சூரியனை. மேற்குச் சுவரோரம் மரம் வைத்தால் பிற்பகலில் நிழல் கிழக்கே, என் வீட்டின்மேல் விழும். அதை எண்ணித்தான் வைத்தேன். ஆனால் காலையில் வெயில் கிழக்கிலிருந்து வருகிறதே! அப்போது அதே மரத்தின் நிழல் மேற்கே, சுவரைத் தாண்டித் தெருவில் விழும். மரம் ஒல்லிதான். ஆனால் ஏழு ஒல்லிகள் சேர்ந்து நின்றால் ஒரு திரை ஆகிவிடுகிறது. முப்பது அடி உயர மரம் ஏப்ரல் மாதத்துக் காலை பத்து மணிக்கு ஏறக்குறைய பதினெட்டு அடி நீளத்துக்கு நிழல் தரும். என் ஒற்றை மாடி வீட்டின் நிழல் அதற்குள் முற்றத்திலேயே சுருங்கிவிடும். உச்சி வேளையில்தான் யாருக்கும் ஒன்றும் இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு மூன்றாவது வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களின் நடுப்பகலில் நெட்டிலிங்கம் தன் நிழலைத் தன் காலடியிலேயே சுருட்டி வைத்துக்கொள்ளும்.

ஆக, மாலை நிழல் எனக்கு; காலை நிழல் தெருவுக்கு. பிறர் எல்லையைத் தொடாத மரம் என்று தேடிப் பிடித்து வைத்த மரம், நாளில் பாதி நேரம் தன் நிழலைப் பிறர் எல்லையில்தான் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் காலை நிழலுக்கு 2013இல் ஓர் இஸ்திரி வண்டி வந்து சேர்ந்தது.

அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கலாம். கூட அவருடைய மனைவி. காலை ஏழு மணிக்கு வண்டியை மூன்றாவது, நான்காவது மரங்களுக்கு நேரே நிறுத்துவார்கள். கொட்டாங்குச்சிக் கரியைப் பெட்டியில் போட்டு விசிறுவார்கள். அந்த அம்மாள் தெருத் தெருவாகப் போய்த் துணி வாங்கி வருவாள்; அவர் நின்று பெட்டி போடுவார். உச்சி வெயில் வந்ததும் இருவரும் வண்டிக்கு அடியில் சாப்பிட்டுவிட்டு, போட்ட துணிகளை வீடு வீடாகக் கொடுக்கப் போவார்கள். இதுதான் அவர்கள் நாள். அந்த இடத்தை அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. தெருவில் நிற்பதற்கு என்னை ஏன் கேட்க வேண்டும்? நானும் நில்லுங்கள் என்றோ, போங்கள் என்றோ சொன்னதில்லை. என் சட்டைகளையும் அவர்தான் தேய்த்துக் கொடுப்பார். பார்த்தால் "வணக்கம் சார்" என்பார். நான் தலையசைப்பேன். ஒன்பது வருஷம் எங்கள் உறவு இவ்வளவுதான்.

2022 பிப்ரவரியில் மன்னார்குடியில் தனியாக இருந்த என் தகப்பனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சிகிச்சை முடிந்து இங்கே அழைத்து வந்தோம். வயது எண்பத்திரண்டு. வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். எங்கள் வாசல் வடக்கு மூலையில் சின்னக் கதவு. அதற்கு மூன்று படிகள். ஒவ்வொரு தடவையும் அவரை நாற்காலியோடு தூக்கி, தெருவில் நிற்கிற காருக்குக் கொண்டு போவோம். தூக்குகிறவர்களுக்கு உடம்பு வலித்தது. அவருக்கு மனசு வலித்தது. பள்ளிக்கூட ஆசிரியராக நாற்பது வருஷம் நின்றுகொண்டே பேசினவர், தெருவார் பார்க்கத் தூக்கிக்கொண்டு போகப்படுவதை விரும்பவில்லை. சுவரின் நடுவில் பெரிய கேட் போட்டு, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைத்து, காரை உள்ளே கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். குறுக்கே நின்றவை மூன்றாவது மரமும் நான்காவது மரமும்.

வேலைக்கு முன்னால் நான் எவ்வளவு முறையாக நடந்துகொண்டேன் என்று சொல்கிறேன். பொறியாளரைக் கலந்துகொண்டேன். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் நேரில் போய், சத்தமும் தூசியும் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எதிர் வீட்டுக்காரரிடம், கிளை ஏற்ற லாரி நிற்கும், அவருடைய காரை இரண்டு நாள் தள்ளி விடச் சொன்னேன். பால்காரரிடமும் பத்திரிகை போடுகிற பையனிடமும்கூட, வடக்குக் கதவில் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆட்கள் கயிறும் ரம்பமுமாக வந்தார்கள். பத்து மணிக்குள் இரண்டு மரமும் கீழே. பதின்மூன்று வருஷம் வளர்ந்ததற்கு இரண்டு மணி நேரம். சுவரோரம் முழுவதும் கிளைகளும் லாரியும் அடைத்துக்கொண்டதால் இஸ்திரி வண்டி தெருவின் எதிர்ச் சிறகுக்குப் போயிற்று. அங்கே ஒரு புல் நிழல்கூடக் கிடையாது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுதான் சரி. பார்த்தும் என் மனத்தில் ஒன்றும் பதியவில்லை. மூன்று நாட்கள் அவர்கள் அங்கேதான் நின்றார்கள். மூன்றாம் நாள் அவர் மட்டும் தனியாக நின்றார்.

அன்று சாயங்காலம், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த அப்பா கேட்டார்:

"அந்த இஸ்திரிக்காரர் கூட ஒரு அம்மா இருப்பாளே, எங்கேடா காணோம்?"

"தெரியலைப்பா."

"மரம் வெட்டப் போறேன்னு அவர்கிட்டச் சொன்னியா?"

"அவர்கிட்ட எதுக்குப்பா?"

அப்பா பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. மக்குப் பையன் தானாகவே விடையைக் கண்டுபிடிப்பான் என்று காத்திருக்கும் பழைய வாத்தியாரின் பார்வை அது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனேன்.

அவர் கரியைத் தட்டி அணைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு என்ன என்று கேட்டேன்.

"முந்தா நேத்து வெயில்ல தலை சுத்தி உக்காந்துட்டா, சார். வூட்ல இருக்கா. ஒண்ணும் இல்ல, சரியாப்பூடும்."

"மரத்தை வெட்டறதைப் பத்தி உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்."

அவர் அவசரமாக மறுத்தார். "ஐயே, எனக்கு என்னா சார் சொல்றது? மரம் உங்களுது." பிறகு வண்டியின் மேல் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னார்: "முந்தின நாள் தெரிஞ்சிருந்தா, ரெண்டு நாள் லீவுன்னு வூடு வூடா சொல்லிட்டிருப்போம். துணிய வாங்கி வெச்சுட்டா அன்னிக்கே குடுத்தாவணும் பாருங்க."

அவ்வளவுதான். குறை சொல்லுகிற தொனி அதில் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது. வாங்கின துணி ஒரு கடன். அதை வெயிலில் நின்றாவது அன்றே தீர்த்துவிட வேண்டும் என்பது அவர் தொழிலின் தர்மம். ஒரு நாள் முன்பு நான் சொல்லியிருந்தால் அந்தக் கடனை அவர் வாங்கியிருக்கவே மாட்டார்.

இரவு வெகு நேரம் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன்? நியாயமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மரம் என்னுடையது. மண் என்னுடையது. நிழலைக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் இல்லை. வழக்கறிஞரான ஒரு நண்பரைப் பிறகு கேட்டேன். 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதாம். இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்து வந்தால், ஒரு வீட்டுக்கு வரும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும், ஒரு நடைபாதைக்கும் உரிமை பிறந்துவிடுமாம். "நிழலுக்கு அதில் பேர் சொல்லி இடம் இல்லை" என்று சொல்லிச் சிரித்தார் அவர். சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். தெருவில் விழுகிற நிழலுக்கெல்லாம் உரிமை பிறந்துவிடும் என்றால், புத்தியுள்ளவன் எவனும் மரம் வைக்க மாட்டான்.

சட்டத்தில் இல்லாவிட்டால் தர்மத்தில் உண்டா? அசோகச் சக்கரவர்த்தி சாலையோரங்களில் ஆலமரம் வைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது வெறும் கதையல்ல. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தருவதற்காக வைத்தேன் என்று அவரே கல்லில் வெட்டி வைத்தார். டில்லியில் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிற தூணில் அது இருக்கிறது. பிறருக்கென்றே வைத்ததால் அவருக்குப் புண்ணியம். எனக்கென்று நான் வைத்த மரத்தின் நிழல் தப்பித் தெருவில் விழுந்தது. அதனால் எனக்குப் புண்ணியம் கிடையாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புண்ணியம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? நிழலில் நிற்கிறவனுக்கு, நட்டவன் மனத்தில் என்ன இருந்தது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். சக்கரவர்த்தியின் ஆலாக இருந்தாலும், என் பொய் அசோகமாக இருந்தாலும், அவன் முதுகுக்குக் கிடைக்கிற குளிர்ச்சி ஒன்றுதான். அந்தக் குளிர்ச்சியை நம்பி அவன் தன் வண்டியை நிறுத்துகிறான், வாடிக்கையைப் பிடிக்கிறான், தன் வயிற்றுப் பாட்டை அங்கே ஊன்றுகிறான். நாம் அறியாமல் கொடுத்ததை அவன் அறிந்து வாங்கியிருக்கிறான். ஒன்பது வருஷம் அது என் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். அப்படிப் பார்த்தால் குயிலும் வௌவாலும் அந்தப் பட்டாம்பூச்சியும் கூடத்தானே இரண்டு மரங்களை இழந்தன? அவற்றிடமும் உத்தரவு கேட்க வேண்டுமா? நம் செய்கையால் நமக்கே தெரியாமல் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். எல்லாருடைய சம்மதத்துக்கும் காத்திருந்தால் சொந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க முடியுமா?

உத்தரவு கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றிருந்தாலும் நான் மரத்தை வெட்டியிருப்பேன். என் தகப்பனாரின் தேவை அவருடைய நிழலைவிட எனக்குப் பெரிது. வௌவாலிடம் சொல்ல எனக்கு மொழி இல்லை. இஸ்திரிக்காரரிடம் சொல்ல மொழி இருந்தது. பத்தடி தூரம்தான் இருந்தது. ஒரு நிமிஷம் போதும். யாரிடம் சொல்ல முடியுமோ அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அந்த இரவில் நான் கண்ட முடிவு. ரொம்பச் சின்ன முடிவுதான். ஆனால் அதைக்கூட நான் செய்யவில்லையே!

ஏன் செய்யவில்லை என்பதுதான் என்னை இன்னும் அதிகமாக உறுத்தியது. நான் மரியாதை தெரியாதவனல்ல. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தபோது, காய்ச்சலால் இரண்டு வாரம் எழுத முடியாமல் போயிற்று. வாசகர்கள் ஏமாந்து போவார்களே என்று பதறி, ஆசிரியருக்கு நானே மன்னிப்புக் குறிப்பு ஒன்று எழுதி அனுப்பினேன். பெயரும் முகமும் தெரியாத வாசகர்களுக்கு அந்தப் பதற்றம். அவர்களுக்கு என் கதை இல்லாமல் இரண்டு வாரம் ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது. தினமும் பார்க்கிற மனிதருக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன், எதிர் வீட்டுக்காரரிடம் சொன்னேன், பத்திரிகைப் பையனிடம்கூடச் சொன்னேன். இவர்கள் எல்லாரும் எனக்கு இடைஞ்சல் செய்யக் கூடியவர்கள், அல்லது எனக்கு வேலை செய்கிறவர்கள். இஸ்திரிக்காரர் என் தயவில் நிற்கிறவர் என்று மனத்தின் ஒரு மூலையில் நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். தயவில் நிற்கிறவனுக்கு அறிவிப்பு எதற்கு? என் அறியாமையால் அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த நிழலை, என் தயவு என்று கணக்கில் எழுதிக்கொண்ட திருட்டுத்தனம் அது. கொடுக்கும்போது நினைக்காதவன், எடுக்கும்போது மட்டும் கொடுத்தவனாகிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் பழமும் கொஞ்சம் பணமும் கொண்டுபோகலாம் என்று கிளம்பினேன். அப்பா தடுத்தார். "பணத்தைக் குடுத்து முடிச்சுடாதே. இன்னும் அஞ்சு மரம் இருக்கு, அதுக்கு என்ன வேணும்னு கேளு" என்றார். கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, சுவரின் வெளிப்பக்கத்தில் இரண்டு கொக்கி அடித்துக்கொள்ளலாமா என்றார். உச்சி வேளைக்குத் தார்ப்பாய் கட்டலாம் அல்லவா? அடித்துக் கொடுத்தோம். வண்டி வடக்கே நகர்ந்து, ஆறாவது ஏழாவது மரங்களின் நிழலுக்குப் போயிற்று. நாலைந்து நாளில் அந்த அம்மாளும் வந்துவிட்டாள்.

அந்தப் பெரிய கேட்டின் வழியாக அப்பா ஒன்றரை வருஷம் போய்வந்தார். கடைசியாகவும் அதன் வழியாகவே போனார். இப்போது அந்த கேட்டுக்கு அவ்வளவு வேலையில்லை. இருந்தாலும் அதைப் பார்க்கும்போது இரண்டு மரங்களை நான் நினைப்பதில்லை. அப்பா பதில் சொல்லாமல் பார்த்த அந்தப் பார்வையை நினைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஐந்தாவது மரம் மின்கம்பியின் பக்கம் சாயத் தொடங்கியது. உச்சியைக் கழிக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் முன்பே போய் அவரிடம் சொன்னேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை வெச்சிக்கோங்க சார், அன்னிக்கு நாங்க வர மாட்டோம்" என்றார். பிறகு, மழைக்காலம் தொடங்குமுன்னே கழித்துவிடுவது நல்லது, காற்று வந்தால் தாங்காது என்று யோசனையும் சொன்னார். ஒன்பது வருஷம் அந்த மரங்களின் அடியில் நின்றவருக்கு அவற்றைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னதில் எனக்கு ஒரு தோட்டக்காரர் கிடைத்தார்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். சுவருக்கு வெளியே, வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், தெருவோர மண்ணில் ஒரு நெட்டிலிங்கக் கன்று முளைத்திருக்கிறது. வௌவால் போட்ட கொட்டையாகத்தான் இருக்க வேண்டும். துணிக்குத் தெளிப்பதற்கு வைத்திருக்கிற தண்ணீரில் மிச்சத்தை அந்த அம்மாள் தினமும் அதற்கு ஊற்றுகிறாள். நாய் கடித்துவிடாமல் சுற்றிலும் நாலு கல் வைத்திருக்கிறாள். இப்போது அது என் இடுப்பு உயரம். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்வார்கள். இந்த மரத்தை யாரும் வைக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஒருத்தி ஊற்றுகிறாள்.

அது வளர்ந்து நிமிரும் நாளில், என் சுவருக்கு மேற்கே நிற்பதால், அதன் மாலை நிழல் என் முற்றத்தில் விழும். நான் கேட்காத நிழல். எனக்கென்று அவர்கள் வளர்க்காத நிழல். அதை நம்பி நான் என் நாற்காலியை அங்கே போட்டுக்கொள்ளவும் கூடும். அவர்கள் ஒரு நாள் அந்த மரத்தை எடுத்துவிட வேண்டி வந்தால், முதல் நாள் வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று எனக்கு ஏனோ நிச்சயமாகத் தோன்றுகிறது.